மஞ்சச்சட்டை இடமிருந்து வலமாகத்தான் ஓடுவான்

புதிதாக உதவி இயக்குநர்களாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எதற்கெடுத்தாலும் கத்துகிற ஆள் என்று சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இணை இயக்குநராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயக்குநர் கனவு காண்பார். அந்தக் கனவுக்கு நேரத்துக்குச் சோறு போட்டு, கூட்டத்தை நிறுத்தி, வெளிச்சம் போவதற்குள் எடுத்து முடிப்பது நம் வேலை. கத்தாமல் ஒரே ஒரு நாள் இதைச் செய்து காட்டுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

மற்ற படங்களை விடுங்கள். என் கடைசிப் படத்தில் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது. அப்பேர்ப்பட்ட நாள் அது!

தேன்மொழி என்னைத் தேடி வந்து, ஒரு வீடியோ கேமைப் படமாக எடுக்கப் போகிறேன், நீங்கள் கூட வரவேண்டும் என்று சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு அது முதல் படம். உத்திரமேரூரில் படித்து வளர்ந்தவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் டிவி பெட்டிகளை வரிசையாக வைத்து, மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கேம் ஆட விடுவார்களாம். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் அங்கே ஓடியவர்களில் இவளும் ஒருத்தி.

அந்த கேமின் பெயரை நான் சொல்லக்கூடாது, ஒப்பந்தம் அப்படி. எந்தத் தேசத்திலோ செய்தது. அடுத்தடுத்துப் பல பாகங்கள் வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் அதன் நாயகனுக்கு வைத்த பெயர் மஞ்சச்சட்டை. முகத்தில் பாதியை மறைத்த முகமூடி, மஞ்சள் அங்கி, கையில் ஈட்டி. தண்ணீரில் மிதக்கும் கற்களின் மேல் தாவித்தாவி ஓடி, மூழ்கிப்போன ஒரு நகரத்தின் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் தொட்டதும் உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பெண் வந்து அவன் நெற்றியில் ஒரு சிவப்புச் சதுரத்தை வைப்பாள். ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். அடுத்த கட்டம் திறக்கும். செய்தவர்கள் அந்தச் சதுரத்தை என்னவென்று நினைத்து வரைந்தார்களோ தெரியாது. நம் பிள்ளைகள் அதைப் பொட்டு என்று முடிவு செய்துவிட்டார்கள்.

“அண்ணே, எனக்கு அந்த ‘டிங்’ வேணும். தியேட்டர்ல முப்பத்தஞ்சு வயசு ஆளுங்க சீட்டு மேல ஏறி நிக்கணும்” என்றாள் தேன்மொழி. சொல்லும்போதே அவள் நாற்காலியில் இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. அன்று வீட்டுக்குப் போய்ப் பேரனிடம் அந்த கேமைத் தேடி எடுக்கச் சொல்லி மத்தியானம் முழுக்க ஆடினேன். நாலாவது கல்லைத் தாண்ட முடியவில்லை. என் மனைவி என்னைக் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போகலாமா என்று யோசித்தாள்.

தயாரிப்பாளருக்கு இந்த ஏரிக் காட்சியை நிஜ ஏரியில் எடுப்பது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஸ்டுடியோவில் பச்சைத் துணி கட்டி, மீதியைக் கணினியில் வரைந்துகொள்ளலாம் என்றார். தேன்மொழி விடவில்லை. நிஜத் தண்ணீர், நிஜ ஆள், ஓட்டம் ஆரம்பித்து நெற்றியில் பொட்டு வைக்கிற வரைக்கும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட் என்று சத்தியம் செய்தாள். அந்த ஒரே ஷாட் என்ற வார்த்தைதான் அவரைச் சம்மதிக்க வைத்தது. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். அது அவர் கைக்கு வராவிட்டால் காட்சி ஸ்டுடியோவுக்குப் போகும், படம் வேறு இயக்குநரிடம் போகும். அந்த இயக்குநரின் பெயரையும் வாய்விட்டே சொன்னார். ஆகவே அந்தப் பெண்ணின் படம் மொத்தமும் உத்திரமேரூர் பக்கத்து ஏரி ஒன்றில் மிதந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் இரும்புத் தூண்களை நட்டு, மேலே கல் மாதிரி பலகை அடித்து வரிசையாக நிறுத்தினோம். கடைசியில் ஒரு மேட்டின் மேல் நகரத்துக் கதவு. தண்ணீர் நிறைந்திருந்தால்தான் கற்கள் மிதப்பதுபோலத் தெரியும். ஏரிப் பாசன சங்கத்துக்காரர்கள் நவரைப் பட்டத்து நெல் நடவுக்கு மதகைத் திறந்து தண்ணீர் விட வேண்டும். எங்களுக்காக ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்திருந்தார்கள். நாளைக் காலையில் திறந்தே தீருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாற்று யாருக்காகவும் நிற்காது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் தயாரிப்பாளர் நேரில் வந்து எடுத்ததைப் பார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் ஒத்திகை. கரை முழுக்க ஜனம். மூழ்கிய நகரத்து மக்களாக நடிக்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களையே சேர்த்திருந்தோம். ஆண்களில் பெரும்பாலானவர்கள் தேன்மொழி வயதுக்காரர்கள். டிராக்டர் ஓட்டுகிறவர், செல்போன் கடை வைத்திருப்பவர், கம்பெனியில் ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்தவர் என்று எல்லாரும் அந்தக் கடையில் மஞ்சச்சட்டையை ஓட்டியவர்கள். சம்பளம் வேண்டாம், நிற்க விட்டால் போதும் என்று வந்தவர்களும் உண்டு.

மஞ்சச்சட்டை வேஷத்தில் இருந்தவன் வேலு. டூப் போடுகிற பையன். முகமூடி இருப்பதால் நாயகன் முகம் தேவையில்லை, முழு ஷாட்டும் வேலுதான். அதிகம் பேசமாட்டான். கரையில் நின்ற கிரேனிலிருந்து ஒரு கம்பி வந்து அவன் இடுப்பில் மாட்டியிருந்தது. நான் மைக்கில் குரல் கொடுத்ததும் முதல் கல்லிலிருந்து ஓடி, இரண்டாவது கல்லுக்குத் தாவினான். அவ்வளவுதான், கரையில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

“டேய், இன்னாடா இவன் ரிட்டர்ன் போறான்!”

“ஈட்டிய மறந்து வெச்சிட்டான்டா. எட்த்துக்கினு வரப் போறான்!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிரிக்கிறவர்கள் கரையை விட்டு இறங்கலாம் என்று மைக்கில் கத்தினேன். முன்வரிசையில் நின்ற டிராக்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கோச்சிக்காத சார். மஞ்சச்சட்ட அந்தாண்ட ஓட மாட்டான் சார். இப்டிக்கா இருந்து அப்டிக்கா தான் ஓடுவான்.” இடது கையிலிருந்து வலது கைக்குக் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். “அந்தாண்ட ஓடுனான்னா வந்த வயிக்கே திரும்பிப் போறான்னு அர்த்தம்.”

கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. நான் தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மானிட்டர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? கோடையில் இடம் பார்க்கப் போனபோது ஏரி வறண்டு கிடந்தது. ஏரிக்குள்ளே இறங்கி நடந்தோம். உள்ளே நின்றுகொண்டு கரையைப் பார்த்துத்தான் படங்களை எடுத்தோம். அலுவலகச் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். அவற்றை வைத்துத்தான் செட் வரைந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கதவு வலது கோடியில். மழை வந்தது, ஏரி நிரம்பியது. காமிரா எங்கே நிற்கும்? கரையில்தான் நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் கதவு இடது கோடியில்! எத்தனை பேர், எத்தனை கூட்டம் போட்டோம், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. வறண்ட ஏரியில் இடம் பார்த்து, நிறைந்த ஏரியில் படம் எடுக்கிற சினிமாக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கதவிலிருந்து ஓடி வரட்டும் என்றார் ஒருத்தர். கற்கள் ஏறுமுகமாக உயர்ந்துகொண்டே போகின்றன, இறங்கி ஓடினால் தாவலே இருக்காது. காமிராவைத் தெப்பத்தில் ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோகலாம் என்றார் இன்னொருத்தர். அங்கிருந்து பார்த்தால் கிரேன், கரையில் நிற்கும் வேன்கள், செட்டின் வெறும் பலகை முதுகு எல்லாம் தெரியும். யார் இந்தத் தப்பைச் செய்தது என்ற பேச்சு மெல்ல எழுந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். நான் தொழில் கற்ற இயக்குநர் ஒருத்தர் இருந்தார். அவர் செட்டில் சண்டை மூளப்போகிறது என்று தெரிந்தால், நேரம் என்னவானாலும், சாப்பாடு போடச் சொல்லிவிடுவார். வாயில் சோறு இருக்கும்போது எவனும் யார் தப்பு என்று கேட்கமாட்டான் என்பார். நானும் மைக்கை எடுத்து “எல்லாருக்கும் நாஷ்டா!” என்று கத்தினேன். பொங்கலும் வடையும் வந்தன. கரை அமைதியானது. பத்து நிமிடத்துக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் குற்றம் சொல்லவில்லை.

வடையைக் கையில் வைத்துக்கொண்டே ஒளிப்பதிவாளர் துள்ளி எழுந்தார். “திருப்பிடலாம்! எடுத்த படத்தைக் கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம் வலம் மாத்திடலாம். எடிட்டிங்கில ஒரு பட்டன்தான்!”

எல்லாரும் கைதட்டினார்கள். தேன்மொழி எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். நான் மட்டும், “கொஞ்சம் பொறுங்க” என்றேன். திருப்பினால் அவன் மட்டுமா திரும்புவான்? காமிராவுக்குள் வருகிற கூட்டம், கதவு எல்லாமே திரும்புமே! ஒப்பனை வேனிலிருந்து பெரிய கண்ணாடியைத் தூக்கி வரச் சொன்னேன். கரையில் ஆளுயரத்துக்கு நிறுத்தி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் தெரிந்த கூட்டத்தைப் பார்த்தோம்.

அடடா, அந்த ஒரு மணி நேரத்தை என்னவென்று சொல்வேன்! எல்லாரும் கண்ணாடி முன் வந்து நின்று எது தலைகீழாகப் போகிறது என்று கண்டுபிடித்துக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கதவின் மேல் எழுதியிருந்த எழுத்து! கலை இயக்குநரின் ஆட்கள் படகில் போய், பலகையில் வெட்டி ஒட்டியிருந்த எழுத்துகளைப் பெயர்த்து, திருப்பி அடித்தார்கள். மஞ்சள் அங்கியின் மார்பில் இருந்த பிறை! பிரித்து அடுத்த பக்கம் தைத்தார்கள். ஆண்களின் சட்டைப் பை! எல்லாச் சட்டையிலும் பை இடது பக்கம்தான் இருக்கும், திருப்பினால் வலது பக்கம் போய்விடும். சட்டையைக் கழற்றித் துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். ஈட்டி எந்தக் கையில் என்று கேட்டதற்குக் கூட்டமே பதில் சொன்னது: “அவனுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான் சார்!” அந்த கேமில் அப்படித்தானாம்.

“அண்ணே, புடவை!” என்று கத்தினாள் தேன்மொழி.

முந்தானை! எல்லாப் பெண்களுக்கும் இடது தோளில். திருப்பினால் வலது தோளில் தெரியும். அத்தனை பேரும் முந்தானையை வலது தோளுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். துணி கட்டி மறைப்பு போட்டோம். உடை உதவியாளர்களோடு பெண்கள் உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. கொசுவத்தை எதிர்ப்பக்கம் மடிக்க யாருக்கும் கை வரவில்லை.

முதலில் வெளியே வந்தவர் கன்னியம்மா. நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப் போகிறவர். எங்களுக்குப் பெண்களைச் சேர்த்துக் கொடுத்ததும் அவர்தான். கதவுக்கு உள்ளேயிருந்து வந்து மஞ்சச்சட்டைக்குப் பொட்டு வைக்கப் போகிற பெண்ணும் அவர்தான். கேமில் அது குட்டிப் பெண்தான், ஆனால் தேன்மொழி அவர் முகத்தைப் பார்த்த உடனே முடிவு செய்துவிட்டாள். வலது தோளில் முந்தானையோடு வந்து கண்ணாடி முன் நின்று இடுப்பில் கை வைத்தார்.

“இன்னா சார் இது, சேட்டு வூட்டம்மா மாதிரி கீறேன்!”

“கண்ணாடியில பாருங்கம்மா, நம்ம ஊர் அம்மாவாத்தான் தெரியறீங்க.”

“ஆமா சார்! கண்ணாடிக்குள்ள கீறவ ஒயுங்காத்தான் கட்டிக்கினு கீறா!” என்றார். மொத்தக் கரையும் சிரித்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தைப் படப்பிடிப்பில் பார்த்ததில்லை. காலையில் செத்துப்போயிருந்த படம் மத்தியானம் எழுந்து குதித்துக்கொண்டிருந்தது.

அந்த உற்சாகத்தில்தான் ஓர் உதவி இயக்குநர், உங்களை மாதிரிப் புதுசாக வந்த பெண், கன்னியம்மாவிடம் போய், “அக்கா, பொட்டும் இடது கையால வெச்சிடுங்க. படத்துல வலது கையா வந்துடும்” என்று சொன்னாள். சரியான கணக்குத்தான். வலது கையால் வைத்தால் திரையில் இடது கை தெரியும். இடது கையால் பொட்டு வைத்தால் தியேட்டரில் எந்த அம்மா சும்மா இருப்பாள்?

கன்னியம்மா குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“அதுக்கு வேற ஆளப் பாத்துக்கோ கண்ணு.”

“சும்மா நடிப்புதானே அக்கா?”

“எனுக்கு நடிப்பு. அந்தப் புள்ளைக்கு? அது நெசம்மா தான அம்மாம் ஒசரம் தாவப் போவுது? உசுர கையில புட்ச்சிக்கினு தாண்டி வர்றவனுக்கு நான் நொட்டாங்கையால பொட்டு வெக்கிறதா? புடவைய எப்டி வோணா கட்டிக்கிறேன். இது வோணாம்.”

மற்றப் பெண்களைக் கேட்டோம். ஒருத்தரும் முன்வரவில்லை. அந்த உதவி இயக்குநரே, நான் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றாள். சூரியன் இறங்க ஆரம்பித்திருந்தது. ஒளிப்பதிவாளர் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தேன்மொழி வெட்டில்லாத ஒரே ஷாட் என்று சத்தியம் செய்திருக்கிறாள், தயாரிப்பாளரின் வண்டி கிளம்பிவிட்டது. வலது கையால் வைத்தால் அந்த இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் சத்தியம் போச்சு. சத்தியம் போனால் படம் போச்சு. வேறு பெண்ணை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன்.

அப்போது வேலுவைப் பார்த்தேன். படகில் உட்கார்ந்து முதல் கல்லுக்குப் போகக் காத்திருந்தான். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் கடைசிக் கல்லுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்க்கவில்லை. கன்னியம்மா கீழே வைத்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனேன்.

“என்னடா?”

“ஒண்ணும் இல்லண்ணே.” முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டு, “அந்தம்மாவே வெக்கட்டும்ண்ணே” என்றான். “அவங்க வெக்கற மாதிரியே வெக்கட்டும்.”

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேளுங்கள். கம்பி இருக்கிறது, கிரேன் இருக்கிறது, தண்ணீரில் நீச்சல்காரர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறோம். ஆனால் தாவப்போகிறவனின் மனதில் ஒரு முள் இருந்தால் அவனை ஓடவிடக் கூடாது. அந்த முள் உனக்குச் சின்னதாகத் தெரியலாம், மூடநம்பிக்கையாகத் தெரியலாம். காற்றில் இருக்கப்போவது நீ இல்லை. ஒன்று முள்ளை எடு, இல்லையென்றால் ஷாட்டை ரத்து செய். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி கிடையாது.

நான் தேன்மொழியிடம் கூடக் கேட்கவில்லை. கேட்டால் அவளும் தயங்குவாள், நானும் தயங்குவேன். கிண்ணத்தை எடுத்துக் கன்னியம்மா கையில் கொடுத்தேன். “உங்க வழக்கப்படியே வைங்கம்மா. வலது கையால. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்றேன். மைக் ஆன் ஆகியிருந்ததால் கரை முழுக்கக் கேட்டது. தேன்மொழி என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் என்ன செய்துவிட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவள் திரும்பி வேலுவைப் பார்த்தாள். அப்புறம், “லைட் போவுது, எடுத்துடலாம்ணே” என்றாள்.

கன்னியம்மா படகில் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றார், ஷாட் ஆரம்பமானது. வேலு ஓடினான். பாருங்கள், எத்தனையோ சண்டைக் காட்சிகளைப் பார்த்தவன் நான், அன்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கல்லாகத் தாவினான். தண்ணீர் தெறித்தது. கரையில் நின்ற ஆண்கள் தங்களையறியாமல் கட்டை விரலை அழுத்திக்கொண்டிருந்தார்கள், கையில் கருவி இருப்பதுபோல! கடைசித் தாவல். கிளம்பிய வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது. கால் மேட்டில் படவில்லை. ஈட்டியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மேட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான்.

“தூக்குடா, தூக்கு!” என்று கிரேன்காரரைப் பார்த்துக் கத்தப்போனேன். அதற்குள் வேலுவே உந்தி மேலே ஏறிவிட்டான். பலகை கிழித்து உள்ளங்கையில் ரத்தம். காமிரா ஓடிக்கொண்டேயிருந்தது. கதவு திறந்தது. கன்னியம்மா வந்தார். எழுதிக் கொடுத்த நடிப்பை எல்லாம் மறந்துவிட்டார். ரத்தத்தைப் பார்த்ததும் துடைக்க முந்தானையைத் தேடினார். பழக்கத்தில் கை இடது தோளுக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லை. வலது தோளிலிருந்து இழுத்து அவன் கையைத் துடைத்து, “வந்துட்டியா நைனா” என்றார். பிறகு கிண்ணத்தில் விரலைத் தொட்டு, வலது கையால், அவன் நெற்றியில் அழுத்திப் பொட்டு வைத்தார்.

தேன்மொழி ‘கட்’ சொல்ல மறந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன்.

தயாரிப்பாளர் அதற்குள் வந்து பின்னால் நின்றிருந்தார். படத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினோம். மானிட்டரைச் சுற்றி ஊரே நின்றது. வேலு இடமிருந்து வலமாக ஓடினான். அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! டிராக்டர்காரர் பக்கத்தில் இருந்தவரின் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார். தயாரிப்பாளரும் அந்த வயசுக்காரர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் விரலும் அசைந்துகொண்டிருந்தது. விளிம்பில் தொங்கி, ஏறி, கதவு திறந்து, கன்னியம்மா வந்து ரத்தம் துடைத்து, கை நெற்றிக்குப் போனது. திரையில் அது இடது கை. கரையில் ஒரு ‘ச்சே’ எழுந்து அடங்கியது. கன்னியம்மா குனிந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார், பிறகு கூட்டத்திலிருந்து விலகி வேலுவின் கைக்குக் கட்டுப் போடப் போய்விட்டார்.

“இது மட்டும் தப்பா இருக்கு” என்றார் தயாரிப்பாளர். “இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கே. அந்தப் பையனை மறுபடி ஓடச் சொல்லுங்க. வேற பொண்ணை நிறுத்தி இடது கையால வெக்கச் சொல்லுங்க. ஒரே ஷாட்னு சொன்னீங்க, ஒரே ஷாட்டா வேணும்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். தேன்மொழி முந்திக்கொண்டாள்.

“அவன் மறுபடி ஓட மாட்டான் சார், கை கிழிஞ்சிருக்கு. பொட்டும் இனிமே வேற யாரும் வெக்க மாட்டாங்க. துடைக்கிறதோட நான் வெட்டிடறேன். அடுத்தது நெத்தியை மட்டும் க்ளோஸப்புல எடுத்துக் காட்டறேன். பொட்டு நடு நெத்தியில இருக்கு, அதுக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. ‘டிங்’ அங்க வரும்.” ஒரு மூச்சு விட்டாள். “ஒரே ஷாட்னு சொன்னேன். இல்ல சார், ரெண்டு ஷாட். அதுக்காகப் படத்தை எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்குங்க.”

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. தயாரிப்பாளர் மானிட்டர் பக்கம் திரும்பி, “அந்த ஓட்டத்தை இன்னொரு தரம் போடு” என்றார். மூன்று தரம் போட்டுப் பார்த்தார். வேறு இயக்குநர் என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் சொன்னபடி மதகைத் திறந்தார்கள். எங்கள் தூண்கள் காலோடு வெளியே தெரிய ஆரம்பித்தன.

படம் வெளியான அன்று காஞ்சிபுரத்தில் ஒரு தியேட்டரில் அந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் இடம் போட்டிருந்தாள் தேன்மொழி. எனக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கன்னியம்மா, அவருக்கு அடுத்து வேலு. ஏரிக் காட்சி வந்தது. நெற்றி திரை முழுக்க நிறைந்து, சிவப்பாகப் பொட்டு தெரிந்து, ‘டிங்’ என்றதும் தியேட்டர் கூரை போய்விடும் என்று நினைத்தேன். தேன்மொழி கேட்ட மாதிரியே சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டார்கள். சில பேர் அழுதார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கன்னியம்மா என்னைத் தாண்டித் தேன்மொழி பக்கம் குனிந்தார்.

“கண்ணு, நான் பொட்டு வெச்சத காணமே? தொடச்சேன், அத்தோட போயிடுச்சே. கேமரா அங்கதான நின்னுக்கினு இருந்துது?”

தேன்மொழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது வேலுவுக்கு வெச்சது, அக்கா. படத்துக்கு இல்ல.”

கன்னியம்மா “அப்ப சரி” என்றார். பிறகு வேலு பக்கம் திரும்பி, “எங்க, கையக் காட்டு நைனா. காயம் நல்லா ஆறிடுச்சா?” என்று கேட்டு, திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவன் உள்ளங்கையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். மீதிப் படத்தை அவர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.